மூப்பரின் முறைப்பாடு

மூப்பர் இன்றைக்கும் அவளை விழுத்திப்போட்டார்.
பெருக்குமரத்துக்கு இந்தப் பக்கம்
அதே கல்வேலி மூலையில்
அதே மாதிரித் தலையைத் தாழ்த்தி
பின்னங்கால் இரண்டையும் ஆகாசத்துக்குக் காட்டி.

றொசாந்தி எழும்பி மண்ணைத் தட்டினாள்.
அழவில்லை. முழங்கையில் சிப்பித்தூள்.
"அப்பா, இவர் வேணுமெண்டுதான் செய்யிறார்."
எனக்கும் தெரியும்.
பிறகு கிட்ட வந்து
அவள் தலைமயிரை மோந்து பார்ப்பதும்
வேணுமென்றுதான்.

ஆவணி வறட்சியில், வற்றிய கேணியடியில்
தாய் சாய்ந்து கிடக்க
இரண்டு நாளாய் விலகாமல் நின்ற குட்டி.
சோடாப் போத்தலில் பால்மா கரைத்து
இவள்தான் பருக்கினாள்.
தாடி வெளிறியிருந்ததால் மூப்பர்.
கோயில் மூப்பர் மரியாம்பிள்ளை
ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை,
பெருநாளுக்கு ஒரு கட்டுப் புல் அனுப்பினார்
யாருக்கென்று சொல்லாமல்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
பூவரசந் தடியால் இரண்டு போடு
என்றான் அமிர்தநாதன்.
கண்ணைக் கட்டி ஓட்டு என்றார்
இறங்குதுறையில் ரிக்கற் கிழிக்கிறவர்,
குதிரையின் கண்ணையா பிள்ளையின் கண்ணையா
என்று கேட்கமுதல் படகு வந்துவிட்டது.
ஆருக்கும் குடுத்துவிடுங்கோ என்றாள் மனைவி.
நெடுந்தீவில் ஆர் வாங்குவான்,
வெளியில் கொண்டுபோகவும் விடமாட்டாங்கள் என்று
பதிலையும் அவளே சொன்னாள்.

நான் முதுகைத் தடவிப் பார்த்தேன்.
சாக்குக்கு அடியில் புண் இல்லை, உண்ணி இல்லை.
வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன்.
கடித்தார். அது வேறு கணக்கு.
முன்னங்குளம்பில் ஒரு கற்சில்லு,
கிண்டி எடுத்துவிட்டு
இதுதான் விஷயம் என்று வீட்டில் பெருமையடித்தேன்.
மறுநாளும் அதே மூலை, அதே ஆகாசம்.

அரை மூடை உமியை ஏற்றிப் பார்த்தேன்.
ஆடு மாதிரிப் போனார்.
நானே ஏறிப் பார்த்திருப்பேன்,
என் கால் நிலத்தில் இழுபடும்.

ஞாயிறு பூசை முடிய
வேலிக்குப் பின்னால் குந்தியிருந்து பார்த்தேன்.
மூலை திரும்பினால் வெளி.
வெளியில் கட்டாக்காலிக் குதிரைகள்,
பதினைந்து இருபது,
இவருடைய அதே நிறம், அதே கட்டை உடம்பு.
அவள் அவற்றைக் கண்டாள்.
கயிற்றை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தாள்.
அதே நேரம்
கெதியாய்க் கடந்துவிட, குதிக்காலால் விலாவில் இடித்தாள்.

கால் போ என்றது.
கை நில் என்றது.
லாண்ட்மாஸ்ரர் ஓட்டுகிறவன் நான்,
பிறேக்கையும் மிதித்து அக்சிலேற்றரையும் முறுக்கினால்
இரும்பே கத்தும்.
இவர் பாவம், வாய் இல்லாததால்
முதுகால் கத்தியிருக்கிறார்.

அன்றிரவு சொன்னேன்:
கயிற்றை விட்டுப் பிடி.
"விட்டா அதுகளோட போயிடுவாரே?"
போனாலும் போவார் என்றேன்.
வேறென்ன சொல்ல.
அவள் ரொட்டியின் கருகிய ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு
இருட்டுக்குள் அவரிடம் போனாள்,
வரக் கனநேரம் ஆனது.

விடிய, கயிறு தொய்ந்து
ஏணை மாதிரித் தொங்கியது.
மூலை.
கட்டாக்காலிகள் தலை நிமிர்த்தின.
மூப்பர் நின்றார்.
காது இரண்டும் அந்தப் பக்கம்.
நான் வேலிக்கல் ஒன்றைப் பிடித்திருந்தது
உள்ளங்கை நொந்த பிறகுதான் தெரிந்தது.
அவள் காலையும் அசைக்கவில்லை, கையையும் அசைக்கவில்லை.
ஏதோ சொன்னாள், காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

குனிந்து ஒரு வாய் காய்ந்த புல்லைப் பறித்து
மென்றுகொண்டே
மூலையைக் கடந்து நடந்தார்.

போய், கடலைப் பார்த்து, திரும்பி
எங்கள் படலையடிக்கு வந்து
நான் கைதட்டி
மனைவி கோப்பையோடு வெளியில் வந்து
எல்லாம் முடிந்தபிறகு
மெதுவாகத் தலையைத் தாழ்த்தி
அவளை விழுத்தினார்.

இது எதற்கென்று
இன்னும் கண்டுபிடிக்கவில்லை.